வயிறு தள்ளிய பெட்டிக்கு லாச்சி செய்வது எப்படி?



கைத்தொழில் பாடத்தில் இம்முறை ஒரு மரவேலையைப் பார்ப்போம். பக்கங்கள் வளைந்த பெட்டிக்கு லாச்சி செய்து பொருத்துவது எப்படி என்பதுதான் பாடம். "இது பங்களாவுக்குத்தானே, லயத்துக் காம்பராவுக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். முதலில் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாவின் பழைய தளபாடங்களை விற்றார்கள். ஒரு குடும்பத்தார் மூன்று லாச்சி வைத்த பெட்டி ஒன்றை வாங்கினார்கள். மேலே ஒடுங்கி, நடுவில் பானை வயிறு மாதிரி தள்ளி, காலருகே மறுபடி ஒடுங்கிய பெட்டி. லாச்சிகள் உளுத்துப் போயிருந்தன. மரவேலை பழகிய அயல் வீட்டுத் தம்பி ஒருவர் பங்குனி மாதத்தில் மூன்றையும் புதிதாகச் செய்து கொடுத்தார். காற்றுக்கூட நுழையாத இறுக்கம். பார்த்தவர்கள் எல்லாம், "அச்சில வார்த்த மாதிரி இருக்கு" என்று மெச்சினார்கள். நாங்களும் மெச்சினோம்.

ஆனி மாதம் மழை பிடித்தது. மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், மறுநாள் கடைசி நாள். அந்த அம்மா எங்களிடம் ஓடி வந்தார்: "ஐயா, பத்திரம் உள்ளதான் இருக்கு, லாச்சிதான் வரமாட்டேங்குது." இழுத்ததில் கைப்பிடி கழன்று வந்தது. கடைசியில் அலவாங்கு போட்டு நெம்பினார்கள். முகப்பலகை பிளந்தது. சட்டத்தில் சிக்கிய சான்றிதழும் இரண்டாகக் கிழிந்தது. புதுப் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்கு அலைந்ததில் அந்தத் தகப்பனாருக்கு இரண்டு நாள் பேர் போனது. விண்ணப்பமும் பிந்தியது.

தம்பி கெட்டிக்காரர்தான். மரம் மழையில் ஊதும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு தோட்டத்தின் ஓய்வுபெற்ற தச்சுப் பெரியவர் வந்து மூன்று லாச்சிகளையும் பிரித்துச் சரிசெய்தார். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நாங்களும் கூட இருந்து குறித்துக்கொண்டோம். அந்தக் குறிப்புத்தான் இந்தப் பாடம்.

லாச்சி எங்கிருந்து வந்தது?

'லாச்சி' என்பது ஒல்லாந்தரிடமிருந்து வந்த சொல். 'கந்தோர்' என்பதும் அப்படியே. 'அலுமாரி', 'மேசை', 'கதிரை' என்பவை அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் விட்டுப் போனவை. ஒல்லாந்தர் 1796ஆம் ஆண்டுவரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். அந்தக் காலத் தளபாடங்கள் கொழும்பு புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வயிறு தள்ளிய பெட்டி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரிய நாகரிகம். பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'பொம்பே' என்று பெயர். உப்பியது என்று அர்த்தம், பம்பாய் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்துத் தச்சர்கள் இதில் பேர்போனவர்கள். அவர்கள் பக்கத்திலே செய்த இந்த மாதிரி மேசை அலுமாரி ஒன்றில் 1753 என்று ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. தடித்த மஹோகனிப் பலகையைச் செதுக்கியே அவர்கள் அந்த வளைவை எடுத்தார்கள். ஆரம்பத்தில் பெட்டிதான் வளைந்திருந்தது. உள்ளே இருந்த லாச்சியின் பக்கங்கள் நேராகவே நின்றன. கைத்தேர்ச்சி வந்த பிறகே லாச்சியின் பக்கத்தையும் வளைத்தார்கள். நாமும் நேர்ப்பக்க லாச்சியையே பழகுவோம். அதுதான் சுலபம், மழைக்கும் பாதுகாப்பு.

மரம் ஏன் ஊதுகிறது?

மரம் வெட்டுப்பட்ட பிறகும் ஈரத்தைக் குடிக்கும், விடும். காற்றில் ஈரம் கூடினால் ஊதும், குறைந்தால் சுருங்கும். கவனிக்க வேண்டியது ஒன்று. நார் ஓடும் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும். பச்சையாக ஓர் அடி அகலமுள்ள பலகை நன்றாகக் காயும்போது அரை அங்குலம்வரை சுருங்கக்கூடும். காய்ந்த பிறகும் கோடைக்கும் மாரிக்கும் இடையில் கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும்.

லாச்சியின் பக்கப்பலகையில் நார் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் அதன் நீளம் கூடாது, உயரம்தான் கூடும். 6 அங்குல உயரப் பலகை அரை நூல் முதல் ஒரு நூல்வரை ஊதலாம். (8 நூல் ஓர் அங்குலம் என்பது தெரிந்ததே.) மேலே இடம் விடாவிட்டால் லாச்சி சட்டத்தில் முட்டி நிற்கும். அந்த வீட்டில் நடந்ததும் இதுதான். தைக்கும் பங்குனியும் நமக்குக் காய்ச்சல் காலம். வைகாசி முதல் புரட்டாதிவரை ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை. காய்ச்சலில் இறுக்கிச் செய்த லாச்சி மழையில் கட்டாயம் சிக்கும்.

எந்த மரம்?

தேக்கு, மஹோகனி, பலா ஆகியவை நல்லவை. ஆனால் விலை அதிகம். நிழலுக்காகத் தோட்டங்களில் நிற்கும் கிரவீலியா (சபுக்கு) நன்றாகக் காய்ந்திருந்தால் லாச்சிக்குப் போதும். யூக்கலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொள்ளும், லாச்சிக்கு அது வேண்டாம்.

தோட்டத்து மரம் நிர்வாகத்துக்குச் சொந்தம். விழுந்த மரமாக இருந்தாலும் கந்தோரில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். பலா மரம் வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்க அனுமதியும் தேவை.

அறுத்த பலகையைக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில், இடையிடையே சலாகை கொடுத்து அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது தச்சர் கணக்கு. அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய வழி உண்டு. ஒரு துண்டுப் பலகையைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி நிறுங்கள். நிறை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றுக்குத் தக்கபடி மரம் காய்ந்துவிட்டது.

அளவெடுப்பது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சாதாரணப் பெட்டியில் லாச்சி வாயின் அகலம் மேலும் கீழும் ஒன்று. வளைந்த பெட்டியில் அப்படியில்லை. ஒவ்வொரு வாயையும் மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றில் எது மிகக் குறைவோ, அதுதான் லாச்சிக்குக் கணக்கு. நாங்கள் சொன்ன பெட்டியின் அளவுகள் இவை:

மேல் வாய்: உயரம் 5 அங்குலம். மேல் விளிம்பு 18 அங்குலம் 4 நூல், கீழ் விளிம்பு 20 அங்குலம் 4 நூல்.

நடு வாய்: உயரம் 6 அங்குலம். மேல் விளிம்பு 21 அங்குலம், கீழ் விளிம்பு 22 அங்குலம் 4 நூல்.

கீழ் வாய்: உயரம் 6 அங்குலம். மேல் விளிம்பு 22 அங்குலம் 4 நூல், கீழ் விளிம்பு 19 அங்குலம் 4 நூல்.

மிகக் குறைந்த அளவில் ஒரு நூலைக் கழியுங்கள். பக்கத்துக்கு அரை நூல் இடைவெளி கிடைக்கும். ஆகவே லாச்சிகளின் அகலம் முறையே 18 அங்குலம் 3 நூல், 20 அங்குலம் 7 நூல், 19 அங்குலம் 3 நூல். மூன்றும் மூன்று அளவு! ஒன்றை அளந்து மூன்றையும் அறுத்தால் மரம் வீண்.

உயரத்துக்கு, காய்ச்சல் காலத்தில் செய்தால் ஒரு நூல் குறையுங்கள். அடைமழைக் காலத்தில் செய்தால் மரம் ஏற்கெனவே ஊதியிருக்கும், அரை நூல் போதும்.

நீளத்துக்கும் இடம் வேண்டும். அந்தப் பெட்டியின் உள் ஆழம் 15 அங்குலம். லாச்சியைப் பதினாலரை அங்குலத்தில் நிறுத்தினோம். பெட்டியின் பக்கப்பலகையில் நார் மேலிருந்து கீழாக ஓடுவதால், காய்ச்சலில் பெட்டியின் ஆழம் கொஞ்சம் சுருங்கும். பின்னால் இடமில்லாவிட்டால் லாச்சி பின்பலகையில் முட்டி முன்னே துருத்தி நிற்கும்.

லாச்சியைக் கட்டுவது

முதலில் நேரான சாதாரணப் பெட்டியாகக் கட்டுங்கள். இரண்டு பக்கம், ஒரு பின்பலகை, ஓர் உள்முகம். பலகை 4 நூல் தடிப்புப் போதும். முன்மூலைகளுக்குப் புறாவால் மூட்டுப் போடுங்கள். ஏன் புறாவால்? லாச்சியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முன்பலகை பிய்ந்து வரப் பார்க்கும். புறாவின் வால்போல நுனி அகன்ற மூட்டு அந்த இழுவையைத் தாங்கும். வெறும் ஆணி நாளடைவில் கழன்றுவிடும்.

அடிப்பலகைக்குப் பிளைவூட் நல்லது, அது ஊதுவது மிகக் குறைவு. முன்பு தேயிலை பிளைவூட் பெட்டியில் கப்பலேறியது. இப்போது கடதாசிப் பைகளில் போவதால் அந்தப் பெட்டிகள் அருமையாகத்தான் கிடைக்கும். கிடைத்தால் உள்ளே ஒட்டிய உலோகத் தாளை உரித்து எறிந்துவிடுங்கள். பழைய காலத்துத் தாளில் ஈயம் இருக்கும், பிள்ளைகள் கைக்கு ஆகாது. பலகையைப் பக்கங்களில் வெட்டிய காடியில் செருகுங்கள், பசை போட வேண்டாம். பின்னால் ஓர் ஆணி போதும்.

வளைவு எங்கே வருகிறது? வெளிமுகத்தில்தான். ஒரு காட்போட் மட்டையை லாச்சி வாயில் வைத்து, பின்புறமிருந்து பென்சிலால் ஓரத்தைக் கோடிழுங்கள். அந்த அச்சைப் பலகையில் வைத்து அறுங்கள். இடது பக்க வளைவும் வலது பக்க வளைவும் சரியாக ஒத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கையால் செதுக்கிய பெட்டியில் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் தனித்தனியே எடுங்கள். சுற்றிலும் அரை நூல் இடைவெளி விட்டு, மேலே மட்டும் ஒரு நூல் விடுங்கள். ஓரத்தின் உட்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து இழையுங்கள். முகம் நெருங்கித் தெரியும், உள்ளே உரசாது. பிறகு உள்முகத்திலிருந்து நாலு திருகாணி போட்டு வெளிமுகத்தைப் பிடியுங்கள். உள்முகத்தின் துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அப்போது முகத்தை அப்படி இப்படி நகர்த்தி நேராக்கலாம், மரமும் அசைய இடமிருக்கும்.

ஓடும் பாதை

பெட்டி வளைந்திருக்கலாம். லாச்சி ஓடும் பாதை வளையக் கூடாது. ஒவ்வொரு லாச்சிக்கும் கீழே இருபக்கமும் தாங்குகட்டை வேண்டும். பெட்டியின் பக்கம் சாய்வாக இருப்பதால், கட்டையின் முதுகையும் அந்தச் சாய்வுக்கு இழைத்த பிறகே ஒட்டி உட்காரும். இரண்டு கட்டைகளின் மேலும் நேரான சலாகைகள் இரண்டை, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, குறுக்கே வையுங்கள். குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு சலாகையும் ஒரே கோட்டில் தெரிந்தால் முறுக்கில்லை.

கட்டையை ஆணியடித்து இறுக்கக் கூடாது. கட்டையின் நார் முன்பின்னாக ஓடுகிறது, பெட்டிப் பக்கத்தின் நார் மேல்கீழாக ஓடுகிறது. ஒன்று அசையும், மற்றது அசையாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் பக்கப்பலகை வெடிக்கும். முன்னால் ஒரு திருகாணியை இறுக்குங்கள். பின்னால் துளையை முன்பின்னாக நீளமாக வெட்டி, திருகாணியை அளவாகத் திருகுங்கள். பழைய பெட்டிகளின் பக்கத்தில் நெடுக வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்தது வழிகாட்டும் கட்டை. மேல் லாச்சி தங்கும் இடத்தில் வாய் 20 அங்குலம் 4 நூல். லாச்சி ஓட வேண்டிய அகலமோ 18 அங்குலம் 4 நூல். ஆகவே பக்கத்துக்கு ஓர் அங்குலம் காலி. அதை நேரான ஓர் அங்குலக் கட்டையால் நிரப்ப வேண்டும். நடு லாச்சிக்குப் பக்கத்துக்கு 6 நூல். கீழ் லாச்சிக்கு அடியில் வாயே ஒடுங்கி வருவதால் கட்டை தேவையில்லை. இந்தக் கட்டை இல்லாவிட்டால் லாச்சி உள்ளே கோணிக்கொண்டு, ஒரு பக்கம் முன்னேறி மறுபக்கம் பிந்தி, நடுவழியில் நிற்கும்.

பொருத்திப் பார்ப்பது

தள்ளிப் பாருங்கள். சிக்கினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். லாச்சியின் பக்கங்களில் பென்சில் கரியைப் பூசி, ஒரு தரம் தள்ளி இழுங்கள். எங்கே கரி அழிந்து மினுங்குகிறதோ, அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் இழையுங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஓடும் இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்துப் பிசினாகும். பெட்டிக்கு வார்னிஷ் பூசினால் உள்ளும் புறமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

பின்பலகையை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் பூட்டுங்கள். எப்போதாவது லாச்சி சிக்கினால், மேல் லாச்சியைக் கழற்றிக் கைவிட்டுப் பாருங்கள், அல்லது பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள். அலவாங்கு மண்ணுக்குத்தான், மரத்துக்கல்ல.

எந்த லாச்சியில் எது?

பெட்டிக்கு 3 அங்குலக் காலாவது இருக்கட்டும், சீமெந்துத் தரையின் ஈரம் ஏறாது. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். பத்திரங்களை மேல் லாச்சியில், பொலித்தீன் உறைக்குள் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் ஒரே லாச்சியில் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு இவை கடதாசி. நமக்கு அப்படியல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, குடும்பங்கள் அங்கும் இங்குமாகப் பிரிந்தன. நாடற்றவர்களாக எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஒரு பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே தங்கியிருந்த காலத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. அப்படியான நேரத்தில் எல்லாவற்றையும் அள்ள முடியாது. இலகுவாக ஓடும் லாச்சியென்றால், மழை தொடங்கும்போதே இழுத்து, உறையோடு எடுத்துக் கதவருகே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'இப்போதே வெளியேறுங்கள்' என்ற எச்சரிக்கை வந்துவிட்டால் லாச்சிக்காக நிற்க வேண்டாம். உயிர்தான் முதல். அதற்காகவே எல்லாப் பத்திரத்துக்கும் போட்டோப் பிரதி எடுத்து, வேறிடத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

1. மழையில் லாச்சியின் எந்த அளவு கூடும்? நீளமா, உயரமா? ஏன்?

2. வளைந்த பெட்டியில் ஒரு வாயை எத்தனை இடத்தில் அளக்க வேண்டும்? எந்த அளவைக் கணக்கில் எடுப்பது?

3. தாங்குகட்டையின் பின் திருகாணியை ஏன் இறுக்கக் கூடாது?

4. உங்கள் வீட்டுப் பத்திரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? வீட்டில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும்?

அந்தப் பெட்டி இன்றும் அதே வீட்டில் இருக்கிறது. போன ஆனி மழையில் போய்ப் பார்த்தோம். மேல் லாச்சியை அந்த அம்மா ஒரு விரலால் இழுத்துக் காட்டினார். காய்ச்சல் காலத்தில் பார்த்தால் மேலே ஒரு நூல் இடைவெளி தெரியும். யாராவது, "என்ன, கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே?" என்று கேட்டால், "அது மழைக்கு விட்ட இடம்" என்கிறாராம். அந்தத் தம்பியும் இப்போது லாச்சி செய்யப் போகும் வீடுகளில், அளவுகோலை எடுக்குமுன் இது எந்த மாதம் என்றுதான் முதலில் பார்க்கிறார்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்